புழுங்கலரிசியில் தொடங்கிய எழுத்து

என் மகளுக்கு எழுத்து வராததற்கு நான்தான் காரணம் என்று என் மச்சாள் தீர்ப்புச் சொன்னபோது நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கையில் கத்தி இருந்தபடியால் வாயை அடக்கிக்கொண்டேன். இரண்டையும் ஒரே நேரத்தில் பாவிக்கக் கூடாது என்பது என் கொள்கை.

மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா, மகளுக்கு மாமி. வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய வீடு. நல்ல மனுசி, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எந்த வருத்தத்துக்கும் எந்தத் தோல்விக்கும் அவரிடம் ஒரு காரணம் ஆயத்தமாக இருக்கும்.

"எடியே, புழுங்கலரிசியிலை ஏடு தொடக்கின பிள்ளைக்கு எழுத்து எப்பிடி வரும்? அவிச்ச நெல்லு முளைக்குமே?"

இதைக் கேட்டு நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னது உண்மையாகவே நடந்த விஷயம். மகளுக்கு மூன்று வயது நடந்த அந்த வருஷம் நோய்க்காலம். விஜயதசமிக்குக் கோயிலில் சனம் கூடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கடையும் பூட்டு. வீட்டில் பச்சையரிசி ஒரு பிடிகூட இல்லை. நல்ல நேரம் போகிறதே என்ற அந்தரத்தில், உலைக்குப் போட எடுத்து வைத்திருந்த புழுங்கல் குத்தரிசியைத் தட்டத்தில் பரப்பி, பிள்ளையை மடியில் வைத்து, அவள் விரலைப் பிடித்து நானே 'அ' எழுதினேன். ஊரில் என் கையெழுத்துக்கு ஒரு பேர் உண்டு. கலியாண வீட்டுக்காரர் அழைப்பிதழ் உறையில் விலாசம் எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் விரல் போதும், அரிசியில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். பிறகு அந்த அரிசியைக் கழுவி உலையில் போட்டுச் சோறும் ஆக்கினேன். அதை மச்சாளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கு வேலியைத் தாண்டியே வந்திருப்பார்.

இப்போது அந்தப் பிள்ளை நாலாம் வகுப்பு. எழுத்து என்று அவள் கொப்பியில் கிடந்ததைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பகீர் என்னும். ஒரு எழுத்துக் கோட்டுக்கு மேலே நிற்கும், பக்கத்து எழுத்துக் கோட்டுக்குக் கீழே விழும். ஒன்று பெரிது, ஒன்று கடுகளவு. இந்த எழுத்தின் புள்ளி போய் அடுத்த எழுத்தின் தலையில் இருக்கும். அழுத்தி அழுத்தி எழுதி, அழிரப்பரால் தேய்த்துத் தேய்த்து, தாளில் ஓட்டை விழுந்திருக்கும். கரும்பலகையில் ரீச்சர் எழுதிப்போட்டதை இவள் பாதி எழுதி முடிக்கும்போது மற்றப் பிள்ளைகள் விளையாடி முடித்து வந்துவிடுவார்கள்.

வாசிப்பு என்றால் அப்படியில்லை. கடலை சுற்றி வந்த பேப்பர்த் துண்டைக்கூட விடமாட்டாள். கதையைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. அவள் ஒரு கதையைத் தொடங்கினால் எங்கள் வாசலால் போகிற பஸ் பருத்தித்துறைக்குப் போய்த் திரும்பி வந்துவிடும். இவள் அப்போதும் ராசாவின் மகளைக் குதிரையில் ஏற்றியிருக்க மாட்டாள். இவ்வளவு தெரிந்த பிள்ளைக்கு நாலு வரி எழுதுவதற்கு என்ன கேடு என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

கேட்டால் ஒரே பதில். "அம்மா, கை நோகுது."

"எழுதாமல் இருக்கிறதுக்கு நல்ல சாட்டு" என்று நான் சொல்வேன். எல்லாரும் அதைத்தான் சொன்னோம். ரீச்சர் சொன்னார், ரியூஷன் மாஸ்டர் சொன்னார், மச்சாளும் சொன்னார். இரட்டைக்கோட்டுக் கொப்பி வாங்கினேன். தடித்த பென்சில் வாங்கினேன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக் கடைகளில் எழுதுகிற பிள்ளைக்கு என்று ஒன்று விற்றால் அது எங்கள் வீட்டில் இருந்தது. கணவர் மட்டும், "இஞ்சரும், பிள்ளையைப் போட்டு ஆக்கினைப்படுத்தாதையும். எழுத்து வராட்டி என்ன, என்னோடை வந்து வாழை நடட்டும்" என்பார். அவருக்கு நீர்வேலியில் வாழைத்தோட்டம். உலகத்தில் எந்தப் பிரச்சினைக்கும் வாழை நடுவதுதான் அவருடைய முடிவு. "நீங்கள் சும்மா இருங்கோ" என்று அவர் மேலும் பாய்வேன்.

இரண்டாம் தவணை முடிவில் பெற்றோர் கூட்டம் நடந்தது. வகுப்பு ரீச்சர் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். "வருஷம் முடியிறதுக்கிடையிலை எழுத்துத் திருந்தாட்டி, பிள்ளை இன்னொரு வருஷம் நாலாம் வகுப்பிலை இருக்கிறதுதான் நல்லது. அஞ்சிலை புலமைப்பரிசில் சோதனை. உந்த எழுத்தோடை எப்பிடி ஏத்திறது?" அவர் கோபமாகச் சொல்லவில்லை. கவலையாகத்தான் சொன்னார். ஆனால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு மகளும் பக்கத்தில் நின்றாள்.

பஸ்சுக்கு நிற்கும்போது கேட்டாள். "அம்மா, நான் மொக்கோ?"

"சீ, விசர்க்கதை கதையாதை" என்று ஒரு அதட்டுப் போட்டேன். அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

அதன் பிறகுதான் வீட்டில் ஒரு சத்தம் குறைந்தது. காலையில் வயிற்றுக்குத்து என்பாள், தலையிடி என்பாள். பள்ளிக்கூடத்தில் வாயே திறப்பதில்லை என்று ரீச்சர் சொல்லி அனுப்பினார். பிறகு வீட்டிலும் கதை நின்றது. ராசா, குதிரை எல்லாம் போய்விட்டது. கேட்டதற்கு ஓம், இல்லை. அவ்வளவுதான். ஒரு வருஷம் கூட இருந்து படிப்பது எனக்குப் பெரிய பயமாக இல்லை. இந்தப் பிள்ளையின் வாய் இப்படியே மூடிப்போய்விடுமோ என்பதுதான் பயம். ஓயாமல் கதைத்து என்னை அரியண்டப்படுத்துகிற பிள்ளை வேண்டும் என்று நான் நேர்த்தி வைத்தேன் என்றால் பாருங்கள்.

அந்த நேரத்தில் யாராவது முருங்கையிலையை அரைத்துத் தலையில் பூசச் சொல்லியிருந்தாலும் பூசியிருப்பேன். அதனால் மீன் வெட்டின கையைக் கழுவிப்போட்டு, "சரி மச்சாள், இப்ப என்ன செய்யச் சொல்லுறியள்?" என்று கேட்டேன்.

"வாற விஜயதசமிக்குக் கோயிலிலை வைச்சு, பச்சையரிசியிலை திருப்பித் தொடக்குவம்."

அப்படித்தான் நாலாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு இரண்டாம் தரம் ஏடு தொடக்கப் போனோம். கோயில் மண்டபத்தில் வரிசையாகச் சின்னஞ்சிறிசுகள். பட்டுப் பாவாடையும் வேட்டியும் கட்டி, சில பிள்ளைகள் அழுதுகொண்டும் சில பிள்ளைகள் அரிசியைத் தின்றுகொண்டும் இருந்தார்கள். அவர்களுக்கு நடுவே என் மகள், காலை மடக்க இடமில்லாமல், தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. ஐயர் வந்து பார்த்துவிட்டு, "இவவுக்கோ?" என்று கேட்டார்.

மச்சாளுக்கு அது போதும். புழுங்கலரிசிக் கதையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும், மண்டபத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லி முடித்தார். கோதாரி, இந்த மனுசியைக் கூட்டிவந்தது என் பிழை என்று பல்லைக் கடித்தேன். ஐயர் சிரித்தார். "அதுக்கென்ன, சரஸ்வதி பிள்ளையைத்தானே பாக்கிறவ, அரிசியைப் பாக்கிறதில்லை. விரலைத் தாங்கோ அம்மா" என்று மகளின் விரலைப் பிடித்தார்.

மகள் அழுத்தினாள். பென்சிலை அழுத்துவது போலவே அரிசியையும் அழுத்தினாள். விரல் மொளி வெளுத்தது. தட்டம் ஒரு பக்கம் சரிந்து அரிசி பாயில் கொட்டியது. ஐயர், "மெல்ல, மெல்ல" என்றார். அவளுக்கு மெல்ல என்றால் என்னவென்று விளங்கவில்லை. தோள் வரைக்கும் விறைத்திருந்தாள்.

பக்கத்தில் ஒரு பெண், தன் மூன்று வயதுப் பெடியனை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, என் மகளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அக்கா, குறை நினைக்காதையுங்கோ. பிள்ளை பென்சிலையும் உப்பிடித்தான் இறுக்கிப் பிடிக்கிறவவோ?"

"ஏன், உங்களுக்கு என்ன செய்யுது?" என்றேன். என் குரல் எனக்கே கூடாததாகக் கேட்டது. ஆனால் அன்றைக்குக் காலையிலிருந்து மண்டபம் முழுக்க எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு ஆள் பார்க்க வேண்டாம் என்றுதான் இருந்தது.

அவர் கோபிக்கவில்லை. "நான் ஆஸ்பத்திரியிலை பிள்ளையளுக்குக் கைப்பயிற்சி குடுக்கிறனான். உப்பிடியான பிள்ளையள் கனபேர் வாறவை. கை நோகுது எண்டு சொல்லுறவவோ?"

நான் வாயைத் திறக்க முதல் மகள் தலையை நிமிர்த்தினாள். "ஓம்" என்றாள். பல நாளுக்குப் பிறகு அவள் தானாகச் சொன்ன ஒரு சொல் அது.

அடுத்த கிழமை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண் பார்த்தார்கள், கண்ணில் குறையில்லை. பிள்ளைகளைப் பார்க்கிற டொக்டரிடம் அனுப்பினார்கள். அவர் மகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, "உங்கடை தோட்டத்தைப் பற்றி எழுதுங்கோ" என்றார். மகள் எழுதினாள். வெளியில் வரிசையில் இருந்த ஆட்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் தாளில் இருந்தது ஒன்றரை வரி. 'வாழை' என்ற சொல்லில் வாழை எங்கே என்று தேடவேண்டும்.

டொக்டர் தாளைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "சரி, இப்ப வாயாலை சொல்லுங்கோ. குலையை எப்பிடிப் பழுக்க வைக்கிறவை?" என்றார்.

மகள் என் பக்கம் பார்த்தாள். பிறகு மெல்ல மெல்லத் தொடங்கினாள். கிடங்கு வெட்டுவது, வாழைச்சருகு போடுவது, குலைகளை அடுக்கி மூடுவது, புகை போடுவது, புகை கூடினால் தோல் கறுத்துப்போகும் என்பதால் அப்பா வந்து வந்து பார்ப்பது, எந்தப் பழம் கெதியாகப் பழுக்கும், எது பிந்தும் என்பது வரைக்கும் சொன்னாள். எனக்கே தெரியாத விஷயம் எல்லாம் அதில் இருந்தது. டொக்டர் முடிவு வரைக்கும் கேட்டார்.

பிறகு என்னிடம் திரும்பினார். "அம்மா, பிள்ளைக்குத் தெரியாமல் இல்லை. எல்லாம் தெரியும். தெரிஞ்சதைக் கையாலை எழுத்தாக்கிறதுதான் கஷ்டம். இது ஒரு கற்றல் இடர்பாடு. டிஸ்கிராபியா எண்டு சொல்லுவம். சோம்பலும் இல்லை, மொக்கும் இல்லை."

"கை நோகுது எண்டு சொல்லுறவ" என்றேன்.

"நோகும்தான். அவ்வளவு இறுக்கிப் பிடிச்சு எழுதினால் உங்களுக்கும் எனக்கும் நோகும்."

மகள் என்னைப் பார்த்த பார்வையை நான் எப்படிச் சொல்வேன். கோபம் இல்லை, நான் சொன்னேன்தானே என்ற திமிரும் இல்லை. அப்பாடா என்று யாரோ தோளில் இருந்த மூட்டையை இறக்கிய முகம். நான் அழுதேன். கவலையில் அழுததாக டொக்டர் நினைத்து, பயப்பட வேண்டாம், பயிற்சியால் பெருமளவு திருந்தும் என்று ஆறுதல் சொன்னார். ஐயா, நான் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இத்தனை நாளும் என் பிள்ளைக்கு என்ன என்று தெரியாமல் இருந்தது. இப்போது அதற்கு ஒரு பெயர் இருந்தது, செய்யக்கூடிய வேலையும் இருந்தது.

எழும்பும்போது ஒன்றை மட்டும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "டொக்டர், புழுங்கலரிசியிலை ஏடு தொடக்கினால் இப்பிடி வருமோ?"

"நான் ஒவ்வொரு நாளும் மத்தியானம் சாப்பிடுறது அதுதான். எனக்கு ஒண்டும் செய்யேல்லை" என்றார்.

வீட்டுக்கு வந்து இதை மச்சாளிடம் சொன்னேன். வாயடைத்துப்போவார் என்று பார்த்தால், அவர் நாடியில் கைவைத்து யோசித்துவிட்டு, "பச்சையரிசியிலை திருப்பித் தொடக்கப் போனபடியால்தானே அந்த மனுசி பக்கத்திலை வந்து இருந்தவ?" என்றார்.

கோயிலில் பக்கத்தில் இருந்த அந்தப் பெண்தான் மகளுக்குப் பயிற்சி கொடுத்தார். அன்றைக்கு நான் பாய்ந்ததைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. ரொட்டிக்கு மா குழைக்கச் சொன்னார், ஈரத்துணி பிழியச் சொன்னார், முற்றத்து மணலில் விரலால் பெரிய எழுத்தாக எழுதச் சொன்னார். பென்சிலில் ஒரு றப்பர்த் துண்டைப் பூட்டிக் கொடுத்தார். அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் ரொட்டிதான். கணவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார், பாவம். எழுத்து மெல்ல மெல்லக் கோட்டுக்குப் பக்கத்திலாவது வந்தது. ஆனால் மூன்றாம் தவணைச் சோதனைக்கு அது காணாது. அதற்கு டொக்டர் ஒரு வழி சொன்னார். பிள்ளை வாயால் விடை சொல்லட்டும், வேறொருவர் எழுதட்டும். அதைக் கடிதமாகவும் எழுதித் தந்தார்.

அந்தக் கடிதத்தோடு ரீச்சரிடம் போகும்போது நான் சண்டைக்கு ஆயத்தமாகப் போனேன். "வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரும்" என்று கணவர் சொல்லித்தான் அனுப்பினார். பஸ்ஸில் போகப் போக மனதுக்குள் ஒரு பெரிய பேச்சே தயாராகியிருந்தது. ரீச்சர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். "இப்பிடி ஒண்டு இருக்கெண்டு எங்களுக்கு ஆர் சொன்னது" என்றார், தனக்குத்தானே சொல்வது மாதிரி. பிறகு, "அதிபரிட்டைக் கேட்டு, தமிழ்ப் பேப்பரை நானே இருந்து எழுதுறன். ஆனால் ஒண்டு. உங்கடை பிள்ளை வகுப்பிலை வாயே திறக்கிறேல்லை. நான் எழுதலாம், அவ சொல்லுவாவோ?"

என் பெரிய பேச்சு அப்படியே தொண்டைக்குள் இறங்கிவிட்டது. அந்தப் பயம்தான் எனக்கும்.

சோதனை நாள் மாரி மழை ஊற்றியது. நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் குடையோடு நின்றேன். போய் வீட்டில் இருக்கலாம் என்று காவலாளி சொன்னார். எந்த வீட்டில் இருக்கிறது? ரீச்சர் முன்னால் அவள் வாய் திறக்காமல் இருந்தால், சொல்லவும் ஏலாது, எழுதவும் ஏலாது என்று ஆகிவிடும். இன்னொரு வருஷம் நாலாம் வகுப்பு என்பதைவிட, நான் மொக்குத்தான் என்று அவளே முடிவு கட்டிவிடுவாள். அதை எந்த டொக்டரால் மாற்ற முடியும்? முருகா, ராசாவும் குதிரையும் வேண்டாம், நாலு வசனம் சொன்னால் போதும் என்று நின்ற நிலையில் மன்றாடினேன்.

மணி அடித்தது. பிள்ளைகள் ஓடி வந்தார்கள், போனார்கள். அவள் வரவில்லை. வாசல் வெறிச்சோடியது. காவலாளிகூட ஒரு மாதிரி என்னைப் பார்த்தார். வெகுநேரம் கழித்துத்தான் அவள் வந்தாள். சேற்றுக்குள் காலை வைத்து, சப்பாத்து முழுக்க நனைந்து, பாய்ந்து பாய்ந்து வந்தாள்.

"ஏன் பிள்ளை பிந்தினது? என்ன நடந்தது?"

"'மழை நாள்' எண்டு கட்டுரை வந்ததம்மா. நான் சொல்லச் சொல்ல ரீச்சர் எழுதினவ. போன மழைக்கு எங்கடை வாழையெல்லாம் சரிஞ்சது, அப்பா கம்பு நட்டுக் கட்டினது, மாமியின்ரை கோழி வெள்ளத்திலை போனது, மாமி வேலியிலை ஏறி நிண்டு கத்தினது, எல்லாம் சொன்னனான். அப்பா மழையைக் கெட்ட வார்த்தையாலை பேசினதையும் சொன்னனான். உதையும் எழுதோணுமோ எண்டு ரீச்சர் கேட்டவ. ஓம், நான் சொல்லுறதை அப்பிடியே எழுதோணும் எண்டு டொக்டர் சொன்னவர் எண்டு சொன்னனான்."

மழைச் சத்தத்துக்கு மேலாக அவள் குரல் கேட்டது. மூச்சு விடாமல் கதைத்தாள். எத்தனை நாளைக்குப் பிறகு! நான் குடையை அவள் பக்கம் சரித்துவிட்டு நனைந்துகொண்டு நின்றேன். பஸ் ஒன்று வந்து நின்று போனது. ஏற மனமில்லை.

"பேப்பர் முடிஞ்சு, இன்னொரு தாளும் எடுத்தவ. பேந்து பேனையை வைச்சிட்டுக் கையை உதறினவ. 'நிப்பாட்டு பிள்ளை, எனக்குக் கை நோகுது' எண்டு சொன்னவ."

"நீ என்ன சொன்னனீ?"

மகள் என் முகத்தைப் பார்த்தாள். "ஓம் ரீச்சர், நோகும்தான், கொஞ்சம் ஆறிப்போட்டு எழுதுங்கோ எண்டு சொன்னனான்."